டப்பாப் புத்தகத்தில் ஏழாவது வரி

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு ஹார்லன் முனைத் தீயணைப்புக் கொட்டகையில் இருந்தவர்கள்:

கெர்ரி ட்ரஸ்காட், தேசியப் பூங்கா ரேஞ்சர். தீ வைக்கும் உத்தரவு அவளுடையது.
மெர்வ் ஆல்சப், ஊர்த் தன்னார்வப் படையின் கேப்டன்.
ஹேமிஷ், ஹெலிகாப்டர் ஓட்டி. வெளியூர்.
ட்ரூடி பாம், சாப்பாடு.
தன்னார்வலர்கள் பதினான்கு பேர், பெயர்கள் பின்பக்கம்.
ப்ரோடி நாக்ஸ், வயர்லெஸ்.

அன்றைய பதிவேடு இப்படித்தான் தொடங்கியது. கையெழுத்து என்னுடையது. கடைசியில் இருக்கும் பெயரும் என்னுடையது. கோடையில் பெருந்தீ மூளாமலிருக்க முன்கூட்டியே பூங்காவுக்கு அளவாகத் தீ வைக்கும் நாளில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுத வேண்டும். அதன் பிறகு வயர்லெஸ்ஸில் கேட்டது, சொன்னது எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. பக்கங்களுக்கு எண் அச்சடித்திருக்கும்.

நெடுஞ்சாலை முக்கிலுள்ள பெட்ரோல் பங்கில் எனக்கு இரவு வேலை. பத்து மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வருவேன். மெல்பர்னில் எஞ்சினியரிங் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தவன். தூங்காமல் ஓர் இடத்தில் உட்கார எனக்குத் தெரியும் என்பதால் மெர்வ் என்னை வயர்லெஸ்ஸில் போட்டான். குழாய் பிடிக்கும் உடம்பு எனக்கு இல்லை என்பதும் ஒரு காரணம்.

கெர்ரி டப்பாப் புத்தகத்தை மேஜையில் விரித்தாள்.

"போன வாரத்துலேர்ந்து உள்ள போனது ஏழு வரி, பதினாறு பேர். ஏழும் மூடியிருக்கு. உள்ள யாரும் இல்ல. பத்தே முக்காலுக்குச் சோதனைத் தீ. பதினொண்ணுக்கு ஹேமிஷ் கெட்டில் ஓடைப் பக்கம் மேலேர்ந்து முதல் தீக்கோடு போடுவான். காத்து தெக்குலேர்ந்து, லேசா. மூணு மணிக்கு மேல கூடும், அதுக்குள்ள முடிச்சிருக்கணும். கேள்வி இருக்கா?"

"சாப்பாடு என்ன?" என்றான் தன்னார்வலர்களில் ஒருவனான டெஸ்.

"முட்டை ரோல்," என்றாள் ட்ரூடி. "உனக்கு மட்டும் வெறும் ரோல். போன தடவை நாலு தின்ன."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டு ஐம்பதுக்குக் கெர்ரி வெளியே போய் வண்டிகளைச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

டப்பாப் புத்தகம் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான்கு நாள் கடற்கரைப் பாதை எங்கள் ஊரில் தொடங்கி, முனையைச் சுற்றி, வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கெட்டில் ஓடைக் கார்ப்பார்க்கில் முடிகிறது. இரவு தங்க வழியில் மூன்று முகாம்கள். தொடங்கும் இடத்தில் ஒரு தகர டப்பாவும் அதற்குள் ஒரு புத்தகமும் இருக்கும். போகிறவர்கள் பெயர், எத்தனை பேர், வண்டி நம்பர், திரும்பும் தேதி எல்லாம் எழுதிவிட்டுப் போக வேண்டும். வந்ததும் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதைத்தான் மூடுவது என்கிறோம். ஆனால் பாதை முடிவது பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். கால் கொப்புளித்துப் போனவன் ஒரு கையெழுத்துக்காகவா திரும்பி வருவான்? நேராக பப்புக்குப் போவான், இல்லையென்றால் வீட்டுக்கே போய்விடுவான்.

போன ஜனவரியில் ஒரு ஜோடி அப்படித்தான் மூடாமல் விட்டது. பத்தொன்பது பேர் ராத்திரி முழுக்கத் தேடினோம். டெஸ்ஸின் தம்பி பாறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டான். அந்த ஜோடி பக்கத்து ஊர் மோட்டலில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் மெர்வ் எழுந்து நின்று சொன்னான்: "இனிமே யாரு பார்த்தாலும் மூடிடுங்க. வண்டி ஊருக்குள்ள வந்திருச்சா, ஆளு வந்தாச்சு. மூடு."

வண்டியை வைத்து ஆளைக் கணக்கிடுவது எங்கள் ஊரில் சரியாகத்தான் இருந்தது. நடக்கிறவர்களின் வண்டியை ட்ரூடிதான் தொடங்கும் இடத்திலிருந்து ஓட்டிப் போய்க் கெட்டில் ஓடையில் விடுவாள். அதுதான் அவள் பிழைப்பு. அப்படிப் போன வண்டி மறுபடி ஊருக்குள் தெரிந்தால், அதை ஓட்டி வந்தது அதன் சொந்தக்காரர்தான். அவள் வண்டி ஓட்டிய எட்டு வருஷத்தில் இது தப்பியதே இல்லை. பேக்கரிக்காரி மூடினாள், தபால்காரர் மூடினார், மெர்வ் மூடினான், நானும் மூடினேன். கெர்ரிக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு தடவை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "ஊருக்கு வர்ற டூரிஸ்ட் எல்லாம் ஒரே நீலப் பேனாதான் வெச்சிருக்காங்க," என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு வேலை முடிந்து வரும்போது பப்பின் பின்முற்றத்தில் ஓர் ஆரஞ்சு வேனைப் பார்த்தேன். பழையது, மேலே சர்ஃப் பலகைக் கம்பி. ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் இடத்தில் நின்றிருந்த வேன் அது. டப்பாவைத் திறந்தேன். ஏழாவது வரி: ஐரீன் வொய்ட்லா, இருவர், திரும்பும் நாள் புதன். ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நிறையப் பேர் அப்படி வருவார்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு கிறுக்கல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ட்ரூடி எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் விரலில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது. கொத்தில் ஆரஞ்சு நிற ரப்பர் மீன் ஒன்று.

"ப்ரோட், அந்த ரெண்டு அம்மாவையும் எங்க தங்க வெச்சிருக்கீங்க? சாவியக் குடுக்கணும்."

"எந்த அம்மா?"

"ஆரஞ்சு வேன். திங்கக்கிழமை எடுத்துட்டு ஓடைக்குப் போனேன். அங்க தடுப்பு போட்டு அடைச்சிருந்தீங்க. திருப்பிக் கொண்டாந்து பப்புல விட்டேன். நேத்து கெர்ரி ஆளுங்க உள்ள இருந்தவங்களக் கூட்டிட்டு வந்தாங்கல்ல, அதுல இவங்களும் இருப்பாங்கன்னு பார்த்தேன். பப்புல கேட்டா யாரும் வரலங்கிறான்."

கெட்டில் ஓடைக் கார்ப்பார்க்கை அடைத்தவர்களில் நானும் ஒருவன். திங்கட்கிழமை மதியம், டெஸ்ஸும் நானும். அந்த மஞ்சள் தடுப்பு கனம். விரலை நசுக்கிக்கொண்டு திட்டினேன். கார்ப்பார்க் அடைத்திருந்தால் ட்ரூடி வண்டியை எங்கே விடுவாள் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கேக்குதா?" என்றாள் ட்ரூடி.

"விசாரிச்சுச் சொல்றேன். சாவிய இங்க வெச்சிட்டுப் போ."

அவள் வைத்துவிட்டு ரோல் சுற்றப் போனாள்.

செவ்வாய்க்கிழமை கெர்ரியின் ஆட்கள் இரண்டு முகாம்களில் இருந்தவர்களை வெளியே கூட்டி வந்தார்கள். புத்தகத்தில் திறந்திருந்த வரிகள் யாருடையவையோ அவர்களை மட்டும். மூன்றாவது முகாமுக்கு யாரும் போகவில்லை. அங்கே இருந்திருக்க வேண்டிய ஒரே வரியை நான் அன்று காலையிலேயே மூடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனவர்கள். பாதை மூடல் பலகைகள் திங்கட்கிழமைதான் வைத்தோம். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

சுவரில் கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல் தொங்கியது. தாழ்வலை, அதாவது கடல் நன்றாக வற்றும் நேரம், பன்னிரண்டு பத்து. கெட்டில் ஓடை கடலில் சேரும் வாயைத் தாழ்வலைக்கு முன்னும் பின்னும் முக்கால் மணி நேரம்தான் கடக்க முடியும். மூன்றாவது முகாமிலிருந்து கிளம்புகிறவர்கள் அதைக் கணக்குப் பண்ணித்தான் வருவார்கள். பதினொன்றரை வாக்கில் ஓடையைத் தாண்டி, புதருக்குள் நுழைந்து, ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்து கார்ப்பார்க்குக்கு வேனைத் தேடிப் போவார்கள். ஹேமிஷின் முதல் கோடு பதினொரு மணிக்கு அந்தப் பாதைக்குக் குறுக்கே விழும்.

டப்பாப் புத்தகத்தில் போன் நம்பர் இருந்தது. அடித்தேன். அந்தக் கரையில் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் அடித்தேன். ஒரு பெண் குரல், "இப்ப நான் எங்கேயாவது நல்ல இடத்துல இருப்பேன், அப்புறம் பேசுங்க," என்று பதிவில் சொன்னது.

மெர்வைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிடித்தேன். கையுறை மாட்டிக்கொண்டிருந்தான்.

"மெர்வ், ஏழாவது வரி ஆளுங்க உள்ள இருக்காங்க."

"மூடியிருந்துச்சே."

"மூடினது நான். வேனைப் பார்த்துட்டு மூடினேன், ஆளைப் பார்க்கல. வேனக் கொண்டாந்தது ட்ரூடி."

அவன் இரண்டாவது கையுறையையும் மாட்டி முடித்தான்.

"எப்ப வெளிய வரணும்?"

"இன்னைக்கு."

"அப்ப நேத்தே வந்திருப்பாங்க. வழியில பலகையப் பார்த்திருப்பாங்க. நெடுஞ்சாலைல ஏறி எவன் வண்டியிலயாவது போயிருப்பாங்க."

"வேன விட்டுட்டா?"

"ப்ரோடி." குரலைத் தாழ்த்தினான். "போன வருஷம் மழை. அதுக்கு முந்தின வருஷம் காத்து. இன்னைக்கு ஒரு நாள் கெடச்சிருக்கு. வெள்ளிக்கிழமை மழை வருது, அப்புறம் குளிர்காலம். ஜனவரிக் கோடைல இந்த ஊர்ல ஆறாயிரம் பேரு, வெளிய போக ஒரே ரோடு. வடக்குக் காத்து அடிக்கிற அன்னைக்கு அந்தக் காடு பத்திக்கிச்சுன்னா நான் யாரை எங்க கொண்டு போவேன்? என் கேரவன் பார்க்குல மட்டும் நானூறு கூடாரம். தொட்டில்ல குழந்தைங்க. நீ சொல்லு, எங்க?"

"உள்ள ரெண்டு பேரு இருக்காங்க, மெர்வ்."

"இருக்கலாம். இருக்கலாம்ங்கறதுக்கு நிறுத்த முடியாது. ஹேமிஷ் கோடு போடறதுக்கு முன்னால ஒரு சுத்து பார்ப்பான். கண்ணுல பட்டா அவனே நிறுத்துவான். நீ போயி உன் எடத்துல உட்காரு. வாய மூடிட்டு உட்காரு, நண்பா."

தோளில் தட்டிவிட்டு வண்டியில் ஏறினான். மெர்வ் கெட்டவன் இல்லை. ஜனவரிகளை நானும் பார்த்திருக்கிறேன். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

உள்ளே போய் உட்கார்ந்தேன். பதிவேட்டில் எழுதினேன்: 9.22. ஏழாவது வரியினர் உள்ளே இருக்கலாம் என மெர்விடம் சொன்னேன். நேரம் போட்டு எழுதுவதற்காகத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு ஒரு மணி நாற்பது நிமிஷம் நான் எதுவும் சொல்லவில்லை. கெர்ரி எனக்கு நான்கடி தள்ளி வரைபடத்தின் மேல் குனிந்து நின்றிருந்தாள். இரண்டு தடவை என்னிடம் பேனா கேட்டாள். கொடுத்தேன். பயம் ஒரு பக்கம். பெட்ரோல் பங்கில் இருக்கிற அதே புத்தி இன்னொரு பக்கம்: விடியும் வரை உட்கார்ந்திருந்தால் பிரச்சினை தானாக எழுந்து போய்விடும். மூன்று மணிக்கு வந்து கத்துகிற குடிகாரனிடம் அது சரிப்பட்டு வரும்.

10.20. ஹேமிஷ் சுற்றிப் பார்க்கக் கிளம்பினான்.

"ஹேமிஷ், கொட்டகைலேர்ந்து பேசறேன். ஓடை வாய்க்குத் தெக்க, மணல்ல, யாராவது தெரியறாங்களா?"

கெர்ரி நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

"மீன் பிடிக்கிறவனுங்க வருவானுங்க சில நேரம்."

ஹேமிஷின் குரல் இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது. "மணல்ல ஒரு வாலபிக் கங்காரு. அது மீன் பிடிக்கல. புதர் அடர்த்தியா இருக்கு கொட்டகை, கீழ ஒரு கல்யாணமே நடந்தாலும் மேலேர்ந்து தெரியாது."

10.31. ஆள் இல்லை என ஹேமிஷ், என்று எழுதினேன்.

10.46. சோதனைத் தீ. மெர்வ்: "நல்லா எரியுது. கணுக்கால் உயரம். நீ கேட்ட மாதிரியே இருக்கு, கெர்ரி."

கெர்ரி முதல் தடவையாகச் சிரித்தாள். "ரெண்டு வருஷம்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

10.58. கோட்டுக்கு அனுமதி கேட்டான் ஹேமிஷ். கெர்ரி மைக்கை வாங்கி அனுமதி கொடுத்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

11.01. முதல் கோடு. ஹெலிகாப்டரிலிருந்து விழும் உருண்டைகள் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியவை. விழுந்து முப்பது நொடியில் பற்றும். "பத்து போட்டாச்சு. இருபது. முப்பது. பத்துது, பத்துது. அழகா இருக்கு."

ரப்பர் மீன் மேஜைமேல் என்னைப் பார்த்தபடி கிடந்தது.

"ஹேமிஷ், நிறுத்து," என்றேன். "கொட்டகை சொல்றேன், நிறுத்து. உள்ள ஆள் இருக்கு."

11.04.

ஹேமிஷ் நிறுத்தினான். அந்த ஆட்களுக்கு அது பழக்கம். முதலில் நிறுத்திவிட்டுத்தான் ஏன் என்று கேட்பார்கள். கெர்ரி வரைபடத்தை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏழாவது வரி," என்றேன். "மூடினது நான். ஆளைப் பார்க்காம மூடினேன். ரெண்டு பொம்பளைங்க. பதினொன்றரைக்கு ஓடையத் தாண்டி வருவாங்க."

அவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாருக்கும், கெர்ரி. தீ வைக்கறது நிறுத்தம். உள்ள ஆள் இருக்கு. மெர்வ், விழுந்த கோட்டச் சுத்தி மறிச்சு நில்லு. ஹேமிஷ், ஓடை வாய்க்குப் போ, தாழ்வா. புகை எந்தப் பக்கம்?"

"வடக்க. கார்ப்பார்க்க நோக்கி. பாதை தெரியல இப்ப."

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. டப்பாப் புத்தகத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். ஒரு வரி பொய்யென்றால் மற்ற ஆறையும் நம்ப முடியாது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

"எல்லாரும் கேளுங்க," என்றாள் மைக்கில். "ஒவ்வொரு வரியா படிக்கிறேன். மூடினது நீங்கன்னா சொல்லுங்க. வண்டியப் பார்த்தீங்களா, ஆளைப் பார்த்தீங்களான்னு சொல்லுங்க. திட்ட நேரமில்ல. முதல் வரி, டிராவிஸ், நாலு பேர்."

இரைச்சல் மட்டும். திறந்த சேனல் அது. பதினான்கு வண்டி வயர்லெஸ், பேக்கரியில் ஒன்று, பப்பில் ஒன்று, மெர்வின் கேரவன் பார்க் அலுவலகத்தில் ஒன்று. பாதி ஊர் கேட்டுக்கொண்டிருந்தது.

"டிராவிஸ், நாலு பேர். அவங்களே கையெழுத்துப் போட்டாங்களா? பேசுங்கய்யா."

"நான்," என்றது பேக்கரி. "ஆளைப் பார்த்தேன். நாலு பேரும் இங்க உட்கார்ந்து மீட் பை தின்னாங்க. ஒருத்தனுக்கு சாஸ் பத்தல."

"ரெண்டாவது வரி, கிம், ரெண்டு பேர்."

"அவங்களேதான், கெர்ரி," என்றார் தபால்காரர். "நான் பக்கத்துல நின்னேன்."

"மூணு. ஓக்ஸ், மூணு பேர்."

"டெஸ் பேசறேன். நான் மூடினேன்." இருமினான். "வண்டிதான் பார்த்தேன். ஆனா அப்புறம் பப்புல பார்த்தேன், கெர்ரி, சத்தியமா, அந்த ரெட்டைப் பொண்ணுங்க. மூணாவது ஆளு கழிப்பறைல இருந்தான்னு சொன்னாங்க."

"நீ அவனப் பார்த்தியா?"

"கழிப்பறைக்குள்ளயா போய்ப் பார்ப்பேன்?"

யாரும் சிரிக்கவில்லை. பப்பின் குரல் குறுக்கிட்டது: மூன்று பேருக்கும் அறை போட்டார்கள், மூன்று காலைச் சாப்பாடு. கெர்ரி அந்த வரிக்கு நேரே ஒரு கோடு போட்டாள். நான்காவதும் ஐந்தாவதும் அவர்களே போட்ட கையெழுத்து. செவ்வாய்க்கிழமை அவளுடைய ஆட்கள் கூட்டி வந்தவர்கள்.

"ஆறு. பின்டர், ஒரு ஆள்."

இரைச்சல்.

"பின்டர், தனி ஆள். நீலப் பேனா."

எனக்கு அந்தக் கிறுக்கல் தெரியும். கேரவன் பார்க் ரசீதுகளில் இருக்கும் அதே கிறுக்கல். கெர்ரிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"மெர்வ்," என்றாள்.

"ஆமா," என்றான் மெர்வ்.

"வண்டியா, ஆளா?"

"ஆளு. குளிச்சிட்டுப் போனான். வெந்நீருக்குக் காசு போடல."

"நிச்சயமா?"

"சண்டையே போட்டேன் அவன்கூட."

கெர்ரி மூச்சு விட்டாள். அப்போது மணி 11.19. மிச்சமிருந்தது ஏழாவது வரி.

ட்ரூடி வாசலில் நின்றிருந்தாள், ரொட்டிக் கத்தியோடு. "நான் ஓடைப் பக்கம் ரோட்டு வழியா போறேன்," என்றாள். "வந்தா வேனத் தேடித்தான் வருவாங்க. ஹாரன் அடிச்சா கேக்கும்." கெர்ரி தலையாட்டினாள். ட்ரூடி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் ஆரஞ்சு வேன் கொட்டகையைத் தாண்டிப் போனது, ஹாரன் அப்போதே அலறிக்கொண்டிருந்தது.

11.26. ஹேமிஷ்: "வாய் மேல இருக்கேன். புகை கீழ படுத்துக் கெடக்கு. ஒண்ணும் தெரியல."

11.29. மெர்வ்: "கோட்டுல கிழக்கு முனை பிடிக்க முடியல. பாதைய நோக்கிப் போகுது. ரெண்டு வண்டி வெச்சிருக்கேன்." அவன் குரலில் என்னிடம் பேசிய மெர்வ் இல்லை. வேலை செய்கிற மெர்வ்.

11.33. ட்ரூடி, தடுப்புக்குப் பக்கத்திலிருந்து: "அடிச்சிட்டே இருக்கேன். யாரும் வரல. கண்ணு எரியுது."

தாழ்வலைக்கு இன்னும் முப்பத்தேழு நிமிஷம். கடந்திருப்பார்கள். புதருக்குள் இருந்தால், புகையைப் பார்த்து ஓட வேண்டிய பக்கம் கடல். ஆனால் ஊர் தெரியாதவர்கள் வண்டியிருக்கும் பக்கம்தான் ஓடுவார்கள். ஹாரன் சத்தம் கேட்டால் இன்னும் வேகமாக அந்தப் பக்கமே ஓடுவார்கள்.

"கெர்ரி," என்றேன், "ஹாரன நிறுத்தச் சொல்லு. அது அவங்களத் தீக்குள்ள கூப்பிடுது."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு மைக்கில்: "ட்ரூடி, ஹாரன நிறுத்து. இப்பவே."

நிறுத்தினாள். 11.35. அதன் பிறகு எழுத எதுவுமில்லை. அந்த நான்கு நிமிஷத்தில் பேனாவின் மூடியைக் கடித்து உடைத்துவிட்டேன்.

11.39. ஹேமிஷ்: "கொட்டகை, இருக்காங்க. ஓடை வாய். ஒருத்தி தண்ணியத் தாண்டிட்டா, தலைமேல மூட்டை. இன்னொருத்தி இன்னும் தெக்குக் கரைல உட்கார்ந்திருக்கா, முட்டியில கட்டு போட்டிருக்கா." இரைச்சல். "தாண்டினவ எனக்குக் கை காட்டுறா. டாட்டா காட்டுறா போலிருக்கு. நான் ஏதோ வேடிக்கை பார்க்க வந்தவன்னு நெனச்சுட்டா."

கெர்ரி நாற்காலியில் உட்கார்ந்தாள். "எறங்க முடியுமா?"

"முடியும். மணல் கெட்டியா இருக்கு."

11.46. இருவரும் ஏறினார்கள். எழுதினேன். அவசரத்தில் ஆறு எட்டு மாதிரி விழுந்தது, திருத்தவில்லை.

முட்டி வலி இல்லையென்றால் பதினொன்றரைக்கெல்லாம் இருவருமே அந்தப் பக்கம் போயிருப்பார்கள். தாண்டியவள் காத்திருந்தது தோழிக்காக. ஹாரன் சத்தம் கேட்டது, வேனை யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்துக் கொஞ்ச தூரம் ஓடினேன், நின்றதும் திரும்பிவிட்டேன் என்று ஹேமிஷிடம் சொன்னாளாம்.

விழுந்த முப்பது உருண்டைகளின் தீயை அடக்க மாலை நான்கு ஆனது. எரிக்க நினைத்த அறுநூறு ஹெக்டேரில் ஒன்பது எரிந்தது. வெள்ளிக்கிழமை மழை. அவ்வளவுதான் இந்த வருஷத்துக்கு.

நாலரைக்கு எல்லோரும் கொட்டகைக்குத் திரும்பினார்கள். முகமெல்லாம் கரி. யாரும் என் பக்கம் வரவில்லை. முட்டை ரோல்கள் மேஜையில் அப்படியே ஆறிக் கிடந்தன, டெஸ்கூடத் தொடவில்லை. கெர்ரி என் முன்னால் வந்து நின்றாள்.

"பதினொண்ணு நாலுக்குச் சொன்ன. உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒன்பது பத்துக்கு."

"ரெண்டு மணி நேரம்."

"ஆறு நிமிஷம் குறையும்."

"கணக்கு கேக்கல, ப்ரோடி." அவள் குரல் உயரவில்லை. "வேற யாருக்காவது தெரியுமா? சொன்னியா?"

மெர்வ் ஹெல்மெட்டைக் கழற்றாமல் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் கை நிற்கவில்லை.

"பதிவேட்டுல எழுதியிருக்கேன்," என்றேன்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரி, அந்த முட்டிக்காரியின் மகள் கத்திக்கொண்டிருந்தாள், எனக்கே கேட்டது. கெர்ரி காதில் வைத்தபடியே டப்பாப் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வாசலில் திரும்பி, "காலைல வந்து பதிவேட்ட எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெர்வ் வந்தான். கையுறையைக் கழற்றினான். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, நின்றபடியே படித்தான். விரல் ஓரிடத்தில் நின்றது. அந்த இடத்தில் கரி அப்பியது.

"இது எதுக்கு?"

"நடந்தது."

"நான் என்ன பதில் சொன்னேன்னு எழுதல."

"எழுதணுமா?"

சுற்றிலும் குழாய் சுருட்டும் சத்தம் குறைந்தது. ட்ரூடி குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீரை மூடாமலேயே திரும்பிப் பார்த்தாள்.

"அடிச்சிடு," என்றான் மெர்வ். "ஒரு வரிதான். நீ மூடினத ஒத்துக்கிட்ட, பெரிய விஷயம், நான் உனக்காகப் பேசறேன். கெர்ரிகிட்டயும் பேசறேன். அடிச்சிட்டு வீட்டுக்குப் போயித் தூங்கு."

"அடிக்கக் கூடாதுன்னு முதல் பக்கத்துல போட்டிருக்கு."

"டப்பாப் புத்தகத்துலயும்தான் போட்டிருந்துச்சு, அவங்கவங்க கையெழுத்துன்னு."

அவன் சொன்னது சரி. பேனாவை எடுத்து அவன் முன்னால் வைத்தேன், மூடி உடைந்த பேனா.

"உனக்கு வேணும்னா நீ அடி."

அவன் பேனாவைத் தொடவில்லை. "ஊரையே திறந்த சேனல்ல ஒவ்வொருத்தரா நிக்க வெச்சுட்ட," என்றான். "பேக்கரிக்காரி அழுதுட்டு உட்கார்ந்திருக்கா. அடுத்த ஜனவரில ஏதாவது ஆச்சுன்னா அதுவும் உன்னோடதுதான். சாவியக் குடு."

கொட்டகைச் சாவி என் பெட்ரோல் பங்க் சாவியோடு ஒரே வளையத்தில் இருந்தது. வளையம் இறுக்கம், நகம் பெயர்ந்தது. எல்லோரும் நான் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கழற்றிப் பதிவேட்டின் மேல் வைத்தேன், விரித்த பக்கத்திலேயே.

"ரோல் ஒண்ணு எடுத்துட்டுப் போ, ப்ரோட்," என்றாள் ட்ரூடி.

"வேண்டாம்."

பத்து மணிக்கு வேலை. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வடக்கே புகை இன்னும் மெல்லிசாக எழுந்துகொண்டிருந்தது. பதினாறு பேரும் பதிவேடும் உள்ளே. பத்தடி நடந்திருப்பேன், மெர்வ் கதவை இழுத்துச் சாத்தி, பகல் நேரத்தில் எப்போதும் போடாத அந்தக் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டுப் பூட்டினான்.